ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வரவேண்டாம்

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

தங்கள் அண்ணன் மகள் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும், பகல் நேரக் கொசுக்கடி நீங்கலாக, நலம். அங்கே தாங்களும் சித்தியும் அதுவும் இல்லாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் பூட்டிவிட்டுப் போன வீடும் நலமே. பூட்டு துருப்பிடிக்கவில்லை. கேட்டில் தொங்கும் பரிசோதனை அட்டையில் வாரம் தவறாமல் 'தண்ணீர் இல்லை' என்று எழுதி நானே கையெழுத்துப் போட்டு வருகிறேன். அந்த விஷயத்தில் தாங்கள் கவலையே படவேண்டாம்.

தங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. நம் வீட்டுப் பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகக் கத்துவதாகக் கேள்விப்பட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நம் குடும்பத்தில் யாரும் வாசல் தாண்டிக் கேட்கிற மாதிரி பேசியதில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியோடு வந்து என்னைக் கூட்டிப்போய்த் தங்கள் அட்டைப்பெட்டிப் பட்டறையில் உட்காரவைப்பதாகவும், பின்னறையில் பெட்டி மடிக்கிற வேலைதான், நாள் முழுக்க ஒருவரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் நான் நடந்தே வந்திருப்பேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான் என்பது தங்களுக்குத் தெரியும். மற்றவர்களிடம் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறோம். அம்மா தங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "சித்தப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று என் துணிமணிகளைப் பையில் அடுக்கிவிட்டாள். பை வாசல் கதவோரம் உட்கார்ந்திருக்கிறது. போகும்போதும் வரும்போதும் அது என்னைப் பார்க்கிறது.

இதற்குப் பதிலைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நான் 'சரி சித்தப்பா' என்பதைத் தவிர வேறு எதையும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. தாங்கள் 'ஞாயிற்றுக்கிழமை வரேன்' என்பீர்கள், நான் 'சரி சித்தப்பா' என்பேன், அதோடு என் கதை முடிந்துவிடும். கடிதத்தில் குறுக்கே பேசமுடியாது. ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்த வேலையை விடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வரவேண்டாம். எழுதிவிட்டேன். பேனாவில் எழுதியதால் இனி அழிக்கவும் வழியில்லை.

என் வேலை என்னவென்று தாங்கள் பாதிதான் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். கொசு ஒழிப்பு வேலையில் மைக் என்பது ஒரு மூலை. நம் தெருவில் முப்பத்தெட்டு வீடு. வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு டார்ச் லைட்டும் நீளக் காம்பு வைத்த ஓர் அகப்பையுமாகப் போய், தண்ணீர் தேங்கியிருக்கிற எல்லாவற்றிலும் மொண்டு பார்க்கவேண்டும். கொசுப்புழு இருந்தால் கொட்டச் சொல்லவேண்டும், கொட்ட முடியாத தொட்டியில் மருந்து விடவேண்டும், கொட்டின பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்லவேண்டும். கடைசியில் கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில் கண்டதை எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடவேண்டும். எதற்குத் தேய்க்க வேண்டும் என்றால், டெங்கு பரப்புகிற இந்தக் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். கொட்டினால் முட்டை போகாது. காய்ந்துபோய் மாதக்கணக்கில் அப்படியே காத்திருந்து, என்றைக்குத் தண்ணீர் வருகிறதோ அன்றைக்குக் கண் விழிக்கும். சில சொந்தக்காரர்களைப் போல என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்வார். நான் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் எனக்கு அழைப்புமணியை அழுத்தவே கை வராது. மணிக்கு நேரே விரலை நீட்டிக்கொண்டு நிற்பேன், உள்ளே யாராவது இருமினால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். கதவு திறந்துவிட்டாலும் என் குரல் என் பற்களைத் தாண்டி வராது. ஒரு வீட்டில் நான் நன்கொடைக்கு வந்திருப்பதாக நினைத்து, போன தடவைதானே கொடுத்தோம் என்று சாத்திவிட்டார்கள். ஒரு வீட்டில் டியூஷன் மாஸ்டர் புதிதாகச் சேர வந்த பிள்ளை என்று என்னை உட்காரவைத்து மூன்று கணக்குக் கொடுத்துவிட்டார். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் மூன்றையும் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு தப்பு. வாயால் சொல்ல முடியாவிட்டால் கண்ணால் காட்டு என்று மேற்பார்வையாளர் ஒரு பாட்டிலில் உயிரோடு கொஞ்சம் புழுவைப் பிடித்துக் கொடுத்தார். அதைக் காட்டியதும் மாடிவீட்டு டீச்சர், மீன்குஞ்சு ரொம்ப அழகாயிருக்கே, தொட்டியில் விட்டு வளர்க்கலாமா, என்ன தீனி போடணும் என்று ஆசையாகக் கேட்டார். தானாகவே வளரும் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. பிறகு பாதி வழியிலிருந்து திரும்பி ஓடிப்போய்ப் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

தெருவில் எனக்கு மிகவும் சிரமமானவர் பச்சைக் கேட் அத்தை. அவரைத் தங்களுக்கும் தெரியும், தாங்கள் இங்கே இருந்தபோது குப்பைத் தொட்டி விஷயமாக அவரோடு கடைசி ஆறு மாதம் பேசாமல் இருந்தீர்கள். அவர் வீட்டில் நாற்பத்திரண்டு பூந்தொட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு தட்டு, ஒவ்வொரு தட்டிலும் இரண்டு விரல் தண்ணீர். நான் ஒவ்வொரு வாரமும் போய், தட்டுத் தண்ணீரைக் கொட்டவேண்டும் என்று சொல்வேன். அவர், "என்னம்மா, வாய் அசையுது, சத்தம் வரலையே, டிவியை மியூட்ல போட்ட மாதிரி" என்பார். நான் சிரித்துவிட்டு அட்டையில் 'புழு உண்டு' என்று எழுதிவிட்டு வருவேன். அதைக் கண்ணாடி போட்டுப் படிக்க அவருக்கு நேரமிருக்காது.

இதற்கு நடுவில் தெருவில் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று இரத்தப் பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் கூட்டமாகப் போய்ப் புகை அடிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அகப்பையோடு வருகிற என்னைவிடப் புகைமேல் ஜனங்களுக்கு எப்போதும் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் அதில் சத்தமும் நாற்றமும் இருக்கிறது. மேற்பார்வையாளரும் புகை மெஷினை அனுப்பினார். தெருவே திருப்தியாக இருமியது. பறந்துகொண்டிருந்த கொசு கொஞ்சம் செத்தது, மிச்சம் பக்கத்துத் தெருவுக்கு விருந்துக்குப் போய்விட்டு வந்தது. தண்ணீருக்குள் இருந்த புழுவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. எட்டே நாளில் எல்லாம் இறக்கை முளைத்து வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கின.

இனி மைக் விஷயத்துக்கு வருகிறேன். அது என் தப்பில்லை, வண்டிக்கார அண்ணனுடைய மனைவியின் தப்பு. எங்கள் பிரசார வண்டியில் மேற்பார்வையாளர் தன் குரலில் பதிவு செய்த பேச்சுதான் ஓடும். 'கொசுப்புழு உற்பத்தி மூலங்களை இனங்கண்டு அகற்றி ஒத்துழைப்பு நல்கிடுவீர்' என்று வரும். அதைக் கேட்டுப் பஞ்சர்கடை மாமா தேர்தல் எப்போது என்று விசாரித்தார். ஒரு நாள் காலை அந்தப் பேச்சு இருந்த பென் டிரைவ், அண்ணனுடைய சட்டைப் பையோடு சேர்ந்து வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. வெளியே வந்தபோது ரொம்பச் சுத்தமாக இருந்தது, ஆனால் பேசவில்லை. அண்ணன் என்னிடம் மைக்கை நீட்டினார். நான் கதவைத் திறந்து இறங்கப் போனேன். அவர், "இரு பாப்பா. கண்ணாடி எல்லாத்தையும் ஏத்திடறேன். கறுப்புக் கண்ணாடி, உன்னை ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. பேசறது யாருன்னே தெரியாது" என்றார்.

முதல் இரண்டு நிமிஷம் தெருவுக்கு என் மூச்சு மட்டும்தான் கேட்டதாம். காஸ் கசிகிறது என்று மாடிவீட்டு டீச்சர் அடுப்பை அணைத்திருக்கிறார். வண்டி பச்சைக் கேட்டுக்கு முன்னால் வந்தது. கறுப்புக் கண்ணாடி வழியாகத் தட்டில் தண்ணீர் மினுங்கியது. நான் என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை, சித்தப்பா, சத்தியமாக யோசிக்கவில்லை. "பச்சைக் கேட் அத்தை, உங்க ரோஜாத் தொட்டித் தட்டுல தண்ணி நிக்குது. போன வாரமும் நின்னுச்சு. அதுக்கு முந்தின வாரமும் நின்னுச்சு. நான் சொன்னேன், உங்களுக்குக் கேக்கலை. இப்போ கேக்குதா?"

கேட்டது. மூன்று தெருவுக்குக் கேட்டது. எல்லோரும் வாசலுக்கு வந்து பச்சைக் கேட்டையே பார்த்தார்கள். அத்தை ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நின்றார். அப்புறம் ஒரு வினோதம் நடந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வண்டியைப் பார்த்தார்கள், வண்டி நகர்வதைப் பார்த்தார்கள், அடுத்தது தம் வீடுதான் என்று புரிந்து அப்படியே கொல்லைப்புறம் ஓடினார்கள். அண்ணன் எஞ்ஜினை அணைத்தார். தெரு முழுக்க, ஒரு வீடு பாக்கியில்லாமல், தண்ணீர் கவிழ்கிற சத்தம் கேட்டது. மூன்று மாதமாக முப்பத்தெட்டு வீட்டில் நான் முணுமுணுத்ததெல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் சாக்கடையில் ஓடியது. பள்ளிக்கூடத்தில் ஒரு பத்தி வாசிக்க முடியாமல் அழுதவளுக்கு அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

மறுநாள் மேற்பார்வையாளருக்கு ஒன்பது புகார் வந்தது, ஒரு பாராட்டும் வந்தது. பாராட்டு பஞ்சர்கடை மாமாவிடமிருந்து, அதிலும் எதிர்க்கடைக்காரருடைய தண்ணீர் டிரம்மைப் பற்றியும் இதே மாதிரி விளக்கமாகச் சொல்லும்படி ஒரு வேண்டுகோள் இருந்தது. அதற்கப்புறம் வண்டியின் வைப்பரில் சீட்டுச் செருகிவைக்க ஆரம்பித்தார்கள். 'என் மாமியார் ரூமில் உள்ள மணிபிளான்ட் பாட்டிலைப் பற்றி மைக்கில் சொல்லவும், நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்' என்று ஒன்று. அதே வீட்டிலிருந்து, வேறு கையெழுத்தில், 'மருமகள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டைக் கவனிக்கவும்' என்று இன்னொன்று. மேற்பார்வையாளர் இனிமேல் வீட்டை அடையாளம் சொல்லிப் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டார். சரி என்றேன். இப்போது 'ஒரு வீட்ல நாற்பத்திரண்டு தொட்டி இருக்கு' என்றுதான் சொல்கிறேன், எந்த வீடு என்று சொல்வதில்லை. தங்களிடம் என்னைப் பற்றிக் கோள் சொன்னது யாரென்று எனக்குத் தெரியும். பச்சைக் கேட் அத்தையின் தம்பி மனைவி தங்கள் பட்டறைக்கு அடுத்த கடையில் இருக்கிறார். அத்தையோடு நீங்கள் பேசுவதில்லை, ஆனால் அத்தையின் பேச்சு மட்டும் உங்களிடம் சரியாக வந்து சேர்ந்துவிடுகிறது.

இவ்வளவும் சிரிப்பாக எழுதிவிட்டேன். சிரிப்பு இல்லாத பகுதியும் ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டை ஒட்டின வீட்டில் இருக்கிற தையல்கார அக்காவின் மகளுக்குப் பதினைந்து நாளுக்கு முன்னால் காய்ச்சல் வந்தது. ஒன்பது வயது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த எட்டு நாளும் தையல் மெஷின் சத்தம் இல்லாமல் தெரு எப்படியோ இருந்தது. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நான் பரிசோதனைக்குப் போனபோது அக்கா என்னைக் கதவுக்குப் பின்னால் கூட்டிப்போய் அட்டையைக் காட்டினார். பதினோரு வாரம், பதினோரு கையெழுத்து, எல்லாம் 'தண்ணீர் இல்லை'. பொய்யில்லை, அந்த வீட்டில் பல் தேய்க்கிற குவளையைக்கூடக் கவிழ்த்துத்தான் வைப்பார்கள்.

"என் வீட்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்லையேம்மா. வாரா வாரம் நீதானே பார்த்துக் கையெழுத்துப் போட்டே. அப்புறம் எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு வந்திருப்பேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இந்தக் கொசு ஊர் தாண்டி வருகிறதில்லை சித்தப்பா. பிறந்த இடத்தைச் சுற்றி நாலைந்து வீட்டுக்குள்ளேயே அதன் பிழைப்பு முடிந்துவிடும். அப்படியென்றால் அது பிறந்த இடம் அங்கேயே எங்கோ இருக்கிறது, அது என் கண்ணில் படவில்லை. அன்றிலிருந்து எல்லா வீட்டையும் மறுபடி சலித்துவிட்டேன். நாய் தண்ணீர் குடிக்கிற கிண்ணம், உடைந்த பொம்மையின் வயிறு, மாடியில் கவிழாத ஒரு ஹெல்மெட், பஞ்சர்கடை மாமா ட்யூப் முக்கிப் பார்க்கிற தொட்டி, ஒன்றும் விடவில்லை. டியூஷன் மாஸ்டர் வீட்டில் மறுபடி கணக்குக் கொடுத்தார், நான் அகப்பையைக் காட்டினேன், அவர் நோட்டை மூடிவிட்டு டிரம்மைத் திறந்தார். இப்போது முப்பத்தெட்டு அட்டையிலும் பூஜ்யம். ஆனால் நேற்று மாடிவீட்டு டீச்சருக்கும் காய்ச்சல். தெருவில் இது மூன்றாவது ஆள்.

மேற்பார்வையாளர் இன்று காலை என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "புழு பூஜ்யம், காய்ச்சல் மூணு. எங்கேயோ உதைக்குதே. ஒண்ணு உன் கண்ணுல கோளாறு, இல்லே உன் நோட்டுல கோளாறு" என்றார். திங்கட்கிழமைக்குள் அந்த இடத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் இந்தத் தெருவுக்கு வேறு ஆளைப் போடுவதாகச் சொல்லிவிட்டார். என்னைப் போன்ற தற்காலிகப் பணியாளருக்கு வேறு ஆள் என்றால் வேறு வேலை என்று அர்த்தம் இல்லை, வீட்டுக்குப் போ என்று அர்த்தம்.

வேலை போனால் போகட்டும், அதுதான் பெட்டி மடிக்கிற வேலை தயாராக இருக்கிறதே என்று நீங்கள் சொல்வீர்கள். போகட்டும் என்று விட எனக்கு மனசில்லை. அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் உங்கள் பின்னறையில் உட்கார்ந்து பெட்டி மடித்தால், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அந்தக் கேள்வியைத்தான் வைத்து மடிப்பேன். அந்த இடத்தை நான்தான் கண்டுபிடிக்கவேண்டும். யார் வீடாக இருந்தாலும், எவ்வளவு பெரிய மனுஷராக இருந்தாலும், போய் நின்று சொல்லவேண்டும். இரண்டு நாளாக எதிரில் ஆள் நிற்கும்போதே, மைக் இல்லாமல், நாலு வார்த்தை பேசிப் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்றுப் பால்காரரிடம் ஒரு முழு வாக்கியம் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

அப்பா போனபிறகு எங்களுக்கு மூத்தவர் நீங்கள்தான். நீங்கள் எதையும் முன்யோசனையோடு செய்கிறவர் என்று அம்மா நாளுக்கு நாலு தடவை சொல்வாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு போன அன்றைக்குக்கூட, "வாளி, டிரம், அண்டா எல்லாத்தையும் கவுத்து வெச்சுட்டேன், நீ ஒண்ணும் பார்க்க வேண்டாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தானே வண்டி ஏறினீர்கள். தெருவில் ஒவ்வொருவரும் உங்களைப் போல இருந்தால் எனக்கு இந்த வேலையே இருக்காது. அந்த முன்யோசனையோடு என் விஷயத்தையும் ஒரு தடவை யோசித்து, ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வந்தால் வெறுங்கையோடுதான் திரும்பவேண்டியிருக்கும். பையில் இருந்த துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, பைக்குள் பழைய செய்தித்தாள் வைத்திருக்கிறேன்.

சித்திக்கு என் அன்பான வணக்கம். முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பட்டறையில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். எதிர்த்து எழுதிவிட்டேனே தவிர மரியாதையில் ஒரு குறையும் இல்லை. தலையில் கைவைத்து வாழ்த்துவதை, இந்த ஒரு தடவை, அங்கிருந்தபடியே வாழ்த்திவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை இதுவரை மீறாத,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: கவரை ஒட்டியபிறகு மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். தபால்பெட்டிக்குப் போகிற வழியில் பச்சைக் கேட் அத்தை என்னை மறித்தார். கையில் ஒரு மர ஸ்டூல் வைத்திருந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். "எங்க எல்லார் மானத்தையும் மைக்ல ஏத்தினியே, அந்தக் கடைசி வீட்டுச் சுவரை ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தியா?" என்று கேட்டார். அது எங்கள் சித்தப்பா வீடு என்றேன். "கொசுவுக்கு அது தெரியுமா?" என்றார். ஸ்டூலைச் சுவரோரம் போட்டு, நான் ஏறும்போது அவரே பிடித்துக்கொண்டார்.

நீங்கள் சொன்னது பொய்யில்லை, சித்தப்பா. வாளி கவிழ்ந்திருக்கிறது, டிரம் கவிழ்ந்திருக்கிறது, அண்டா கவிழ்ந்திருக்கிறது. ஆனால் கவிழ்த்து வைத்த எல்லாவற்றின் மேலும் ஒரு பெரிய நீலத் தார்ப்பாயைப் போட்டு, நாலு மூலையையும் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கிறீர்கள். மழையில் அது நடுவில் தொய்ந்து, இப்போது அங்கே ஒரு குளம் இருக்கிறது. வீட்டிலிருந்து அகப்பையையும் மருந்தையும் எடுத்துவந்து, சுவருக்கு மேலேயிருந்து அகப்பையை நீட்டி ஒருமுறை மொண்டு எடுத்தேன். புழுவை எண்ண ஆரம்பித்து நாற்பதில் நிறுத்திவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் தையல்கார அக்காவின் ஜன்னல் கை நீட்டினால் எட்டுகிற தூரம்.

கேட்டில் தொங்கிய அட்டையை எடுத்து, பார்க்காமலே போட்ட என் பதினோரு கையெழுத்தையும் அடித்தேன். அதைக் கொண்டுபோய் மேற்பார்வையாளர் மேஜையில் வைத்து, எல்லோரும் இருக்கும்போதே, மைக் இல்லாமல், நான்தான் பார்க்காமல் எழுதினேன், சொந்தக்காரர் வீடு என்று விட்டுவிட்டேன் என்று சொன்னேன். கடைசிப் பெஞ்சு வரை கேட்டதாம். அவர் அட்டையை மேஜை டிராயரில் வைத்தார். பிறகு பூட்டிய வீட்டுக்காரர்களுக்கு அனுப்புகிற அறிவிப்புப் படிவம் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளி, "எழுது. கையெழுத்தையும் நீயே போடு. உனக்கு வேலை இருக்கா இல்லையான்னு திங்கக்கிழமை பார்க்கலாம்" என்றார். அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். நான் சொன்னதையெல்லாம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். கோத்து முடித்துவிட்டு, "கொட்டியாச்சா?" என்றார். மருந்து விட்டிருக்கிறேன், ஆனால் பூட்டியிருக்கிறது என்றேன். "அப்போ திறக்கச் சொல்லு" என்றார்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். ஞாயிறு வரைகூட வேண்டாம், சனிக்கிழமையே வாருங்கள், சாவியோடு வாருங்கள். இதனுடன் இணைத்திருக்கும் அறிவிப்பில் கடைசித் தேதி அதுதான். அதற்குமேல் பூட்டை உடைக்க உத்தரவு இருக்கிறது, உடைக்கும்போது நானும் கூட நிற்பேன். திங்கட்கிழமை வண்டியில் என்ன பேசப்போகிறேன் என்பதும் முடிவாகிவிட்டது. கடைசி வீட்டையும், பார்க்காமல் கையெழுத்துப் போட்டவளையும் சொல்லப்போகிறேன். வீட்டை அடையாளம் சொல்ல இந்த ஒரு தடவை மேற்பார்வையாளர் அனுமதி கொடுத்திருக்கிறார். கண்ணாடியை இறக்கிவிடச் சொல்லி வண்டிக்கார அண்ணனிடம் நான் சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் வேலை போய்விட்டால், நீங்கள் சொன்னபடியே பட்டறைக்கு வந்து பெட்டி மடிக்கிறேன். துணியைப் பையில் மறுபடி அடுக்கியாகிவிட்டது. ஆனால் வந்ததும் பின்னறையில் உட்காரமாட்டேன். முதலில் பட்டறைக்குப் பின்னால் என்னென்ன கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள், அதன்மேல் என்ன போட்டு மூடியிருக்கிறீர்கள் என்று பார்ப்பேன். ஒரு ஸ்டூல் மட்டும் எடுத்துவையுங்கள்.